தலையைத் திருப்பினால் பெயர்ப்பலகை ஏன் இழுபடுகிறது?

கேள்வி: எனக்கு வயது 54. வெள்ளவத்தையில் இருக்கிறேன். பத்துக் கிழமைக்கு முன்னர் விடியக்காலை எழும்பும்போதே வீடு முழுக்கச் சுற்றியது, நிற்காமல் சத்தி. வைத்தியசாலையில் மூன்று நாள் வைத்திருந்தார்கள். சி.டி. ஸ்கானில் ஒன்றும் இல்லை, வலது காதின் சமநிலை நரம்பில் அழற்சி, வைரசால் வந்திருக்கலாம் என்றார்கள். கேட்பதில் குறையில்லை. சுற்று நின்றுவிட்டது. ஆனால் காலி வீதியில் பஸ்ஸுக்கு நின்று சட்டென்று வலது பக்கம் திரும்பினால் கடைப் பெயர்ப்பலகையெல்லாம் இழுபட்டுப் போகிறது. வருவது 100ஆ 101ஆ என்று வாசிக்க முடிவதில்லை. வேகமாக நடந்தால் கொஞ்சம் துள்ளவும் செய்கிறது. சுப்பர்மார்க்கெட்டுக்குள் போனால் மிதக்கிற மாதிரி. கண் வைத்தியர் கண்ணில் நோய் இல்லை என்று சொல்லிப் புது புரோகிரசிவ் கண்ணாடி தந்தார்; அதற்குப் பிறகு கூடிவிட்டது. புரோகுளோர்பெரசின் குளிசை இன்னும் நாளுக்கு மூன்று போடுகிறேன். வீடியோ பார்த்துக் கண் பயிற்சியும் செய்கிறேன், தலையை ஆட்டாமல் கண்ணை மட்டும் அங்குமிங்கும் ஓட்டுவது. பழுது காதிலா, கண்ணிலா, மூளையிலா? இது மாறுமா?

பதில்:

சகோதரிக்கு,

பழுது காதில். அது வெளியே தெரிகிற இடம் கண். அதைச் சரிக்கட்ட வேண்டியது மூளை. மூளை அந்த வேலையைத் தொடங்கிவிட்டது, சுற்று நின்றதே அதற்குச் சாட்சி. மிச்சத்தை முடிக்க விடாமல் மூன்று விஷயங்கள் மறிக்கின்றன என்று உங்கள் கடிதத்தை வாசிக்கும்போது படுகிறது: பத்துக் கிழமையாக விடாமல் போடும் குளிசை, வீதியில் நடக்கும்போதும் போட்டிருக்கும் புதுக் கண்ணாடி, தலையை ஆட்டாத அந்தக் கண் பயிற்சி. இவை ஏன் மறிக்கின்றன என்று விளங்கினால் என்ன செய்ய வேண்டும் என்பதும் தானாக விளங்கும். அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

வீட்டில் தலைச்சுற்று இல்லாத ஒருவரை இந்தச் சோதனையைச் செய்யச் சொல்லுங்கள். கையை நீட்டிப் போனைப் பிடித்து, திரையில் ஒரு வரியைப் பார்த்தபடி, தலையை அசைக்காமல் போனை மட்டும் இடமும் வலமுமாக செக்கனுக்கு இரண்டு தரம் ஆட்ட வேண்டும். எழுத்து கலங்கிக் கோடாகிவிடும். இனிப் போனை அசையாமல் பிடித்துக்கொண்டு அதே வேகத்தில் தலையை "இல்லை" என்று ஆட்ட வேண்டும். எழுத்து அப்படியே நிற்கும், வாசிக்கலாம். இரண்டு தரமும் தலைக்கும் எழுத்துக்கும் இடையில் நடக்கும் அசைவு கிட்டத்தட்ட ஒன்றுதான். முதல் தரம் கண், போகிற எழுத்தைப் பார்த்துத் துரத்துகிறது. இரண்டாம் தரம் கண் பார்த்து முடிக்குமுன்னரே காது சொல்லிவிடுகிறது.

பார்த்துத் துரத்துவதற்கு விழித்திரையிலிருந்து மூளையின் பின்பகுதி வரை செய்தி போய்த் திரும்பிவர வேண்டும். அதற்கு ஏறத்தாழ 100 மில்லிசெக்கன் ஆகும். காதிலிருந்து கண் தசைக்குப் போகும் வழி 10 மில்லிசெக்கனுக்குள் முடிந்துவிடுகிறது. சாதாரணமாக ஒரு பக்கம் திரும்பிப் பார்க்கும்போதே தலை செக்கனுக்கு 100 பாகை வேகத்தைத் தொடும். கண் 100 மில்லிசெக்கன் தாமதித்தால் பார்வை 10 பாகை தள்ளிப்போய் நிற்கும். கையை நீட்டிப் பெருவிரலை நிமிர்த்திப் பிடித்தால் அதன் அகலம் ஏறத்தாழ 2 பாகை. அப்படி ஐந்து விரல் அகலத்துக்கு இலக்குத் தவறும். விழித்திரையில் படம் செக்கனுக்குச் சில பாகை வழுக்கினாலே சிறிய எழுத்து கலங்கத் தொடங்கும். பஸ் போர்டை வாசிக்க முடியாமல் போவதற்கு இந்தக் கணக்கே போதும்.

காதின் வேலையைச் சொல்கிறேன். ஒவ்வோர் உட்செவியிலும் மூன்று அரைவட்டக் கால்வாய்கள் உண்டு. ஒன்று ஏறத்தாழக் கிடையாக இருக்கிறது. "இல்லை" என்று ஆட்டும் அசைவு அதற்குரியது. மற்ற இரண்டும் நிமிர்ந்து நிற்பவை. "ஓம்" என்று தலையாட்டுவதும் தோள் பக்கம் தலையைச் சரிப்பதும் அவற்றுக்குரியவை. உள்ளே திரவம். தலை திரும்பும்போது திரவம் ஒரு கணம் பின்தங்கி, கால்வாயின் ஒரு முனையில் உள்ள மெல்லிய மடலை வளைக்கும். மடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் மயிர்க்கலங்களின் நுனிகளும் கூடவே சாயும். நரம்பின் துடிப்பு மாறும்.

இந்த நரம்பு தலை அசையாதபோதும் சும்மா இருப்பதில்லை. குரங்குகளில் அளந்து பார்த்ததில் ஒவ்வோர் இழையும் ஓய்வில் செக்கனுக்கு ஏறத்தாழ 90 தரம் துடிக்கிறது. வலம் திரும்பினால் வலது காதில் துடிப்பு கூடும், இடது காதில் அதே நேரம் குறையும். மூளைத்தண்டு எடுத்துக்கொள்வது இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை.

அங்கிருந்து கண்ணுக்கு மூன்றே கண்ணி. வலது காதின் நரம்புக்கலம் வலது பக்கச் சமநிலைக் கருவுக்கு, அதாவது மூளைத்தண்டில் உள்ள நரம்புக்கலத் தொகுதிக்கு, செய்தி தரும். அந்தக் கருவிலிருந்து ஓர் இழை நடுக்கோட்டைக் கடந்து இடது பக்கத்து ஆறாம் நரம்பின் கருவுக்குப் போகும். அது இடது கண்ணை வெளிப்பக்கம் இழுக்கும் தசையைச் சுருக்கும். கூடவே மூளைத்தண்டின் நடுவால் ஏறும் ஒரு நார்க்கட்டு வழியாக வலது கண்ணை மூக்குப் பக்கம் இழுக்கும் தசைக்கும் தகவல் அனுப்பும். தலை வலம் போக, இரண்டு கண்ணும் சேர்ந்து அதே வேகத்தில் இடம் போகும். பார்வை இலக்கிலேயே நிற்கும். கண்ணின் வேகத்தைத் தலையின் வேகத்தால் பிரித்தால் வருவது இந்த ஏற்பாட்டின் ஈடு. சுகமான ஒருவருக்கு அது 1க்குக் கிட்ட இருக்கும்.

இனி உங்களுடைய அந்த விடியக்காலை. வலது நரம்பு அழற்சியால் அடங்கிவிட்டது. இடது நரம்பு வழமைபோல் 90இல் துடிக்கிறது. நீங்கள் தலையணையில் அசையாமல் படுத்திருந்தாலும் மூளைத்தண்டுக்குக் கிடைத்த வித்தியாசம் "தலை இடப்பக்கம் சுழல்கிறது" என்பதுதான். கண்கள் வலப்பக்கம் மெதுவாக வழுக்கின, பிறகு சட்டென்று இடப்பக்கம் குதித்துத் திரும்பின, மறுபடி வழுக்கின. வைத்தியர்கள் நிஸ்டாக்மஸ் என்று எழுதுவது இதைத்தான். உங்கள் கண்ணுக்கு எதிரே டோர்ச் அடித்துப் பார்த்தவர்கள் கண் எந்தப் பக்கம் குதிக்கிறது என்றுதான் பார்த்திருப்பார்கள்.

இந்த ஓய்வுநிலைக் கோளாறை மூளைத்தண்டு நாள்கணக்கில் தானாகவே சமன்செய்துகொள்ளும். நாமாக ஒன்றும் செய்யத் தேவையில்லை. உங்களுக்கும் அது நடந்துவிட்டது. மிச்சமிருப்பது அசைவின்போது வரும் குறை. அது தானாகத் தீராது.

வலம் திரும்பும்போதுதான் இழுபடுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தக் குறிப்பு எனக்கு மிகவும் உதவியது. வலது காது பேசாததால், வலம் திரும்புவதை மூளை அறிய இருக்கும் ஒரே வழி இடது காதின் துடிப்பு குறைவது. 90இலிருந்து கூடுவதற்கு நிறைய இடம் உண்டு. குறைவதற்குப் பூச்சியம்தான் எல்லை. மெதுவாகத் திரும்பினால் 90 என்பது 60 ஆகும், 40 ஆகும், கணக்குச் சரிவரும். சட்டென்று திரும்பினால் பூச்சியத்தில் முட்டி நின்றுவிடும். அதற்கு மேல் எவ்வளவு வேகம் என்று மூளைக்குத் தெரிய வழியில்லை. கண் பின்தங்கும், பலகை இழுபடும், பிறகு கண் ஒரு குதி குதித்து இலக்கைப் பிடிக்கும்.

சிட்னியில் ஹல்மாகி, கர்தொய்ஸ் என்ற இருவர் 1988இல் விவரித்த தலையுந்துச் சோதனை இந்தக் குதிப்பைத்தான் தேடுகிறது. வைத்தியரின் மூக்கைப் பார்த்தபடி நீங்கள் இருக்க, அவர் உங்கள் தலையைப் பிடித்து 10 முதல் 20 பாகை சட்டென்று ஒரு பக்கம் திருப்புவார். கண் மூக்கிலேயே நின்றால் அந்தப் பக்கக் காது வேலை செய்கிறது. கூடப்போய்விட்டுத் திரும்பிக் குதித்தால் பழுது. கருவி வேண்டியதில்லை, பழகிய கை வேண்டும். கண்ணாடியில் கமரா பொருத்தி அளக்கும் கருவியும் உண்டு; அதில் ஈடு 0.8க்குக் கீழே வந்தால் குறைவு என்று எடுப்பார்கள். மகனையோ மகளையோ கொண்டு இதை வீட்டில் செய்விக்க வேண்டாம். கழுத்து பிடித்துக்கொள்ளும், வயதான கழுத்தென்றால் அதைவிட மோசமாகவும் போகலாம்.

அப்படியானால் பின்தங்கும் கண்ணை எப்படி முந்தவைப்பது? இந்த ஈடு பிறப்பிலேயே பூட்டப்பட்ட எண் அல்ல. சிறுமூளையின் அடியில், காதுப் பக்கமாக, ஃபுளோக்கியூலஸ் என்று ஒரு சிறிய மடிப்பு இருக்கிறது. தலை அசைந்த நேரம் விழித்திரையில் படம் வழுக்கினால் அந்தப் பிழைச் செய்தி அங்கே போய்ச் சேரும். அங்குள்ள கலங்கள் மூளைத்தண்டின் மேல் வைத்திருக்கும் பிடியைக் கூட்டிக் குறைத்து, அடுத்த அசைவில் பிழையைக் குறைக்கும். 1970களில் மொன்றியலில் மக்கில் பல்கலைக்கழகத்தில் மெல்வில் ஜோன்ஸ் குழுவினர், இடத்தை வலமாகவும் வலத்தை இடமாகவும் காட்டும் அரியக் கண்ணாடியைத் தன்னார்வலர்களுக்கு நாள்முழுக்க அணிவித்துப் பார்த்தார்கள். சில கிழமைகளில் இருட்டில் அளந்தபோதும் அவர்களின் கண்ணசைவு திசைமாறும் அளவுக்குப் போயிருந்தது. வளர்ந்த ஆளின் மூளை அவ்வளவு தூரம் வளைந்துகொடுக்கும். கண்ணாடியைக் கழற்றிய பிறகு பழைய நிலைக்கும் திரும்பியது.

நீங்கள் பிடித்துக்கொள்ள வேண்டியது இதைத்தான்: படம் வழுக்கினால்தான் மூளை திருத்தும். தலை அசைய வேண்டும், அதே நேரம் ஏதோ ஒன்றைத் தெளிவாகப் பார்க்க முயல வேண்டும், கொஞ்சம் கலங்கவும் வேண்டும். இந்த மூன்றில் ஒன்று இல்லாவிட்டாலும் திருத்தம் இல்லை. தலைச்சுற்றுக்குப் பயந்து கழுத்தைத் தோளோடு ஒட்டவைத்து, முழு உடம்பையும் திருப்பிப் பார்க்கிறவர்களை வீதியில் காணலாம். அவர்களுக்கு மாதங்கள் போயும் குறையாது. படம் வழுக்கவே விடுவதில்லையே, மூளை எதைத் திருத்தும்?

வீடியோவில் பார்த்த கண் பயிற்சி இங்கேதான் வீணாகிறது. தலையை அசைக்காமல் கண்ணை மட்டும் ஓட்டும்போது காதிலிருந்து எந்தச் செய்தியும் வராது. கண் தசைக்கு உங்களிடம் பலக்குறைவும் இல்லை. இந்த நோக்கத்துக்கு அதைக் கொடுக்க வேண்டாம் என்று அமெரிக்க இயன்மருத்துவர் (பிசியோதெரபி) சங்கத்தின் வழிகாட்டி தெளிவாகவே சொல்கிறது. விட்டுவிடுங்கள்.

குளிசைக்கு வருவோம். புரோகுளோர்பெரசின், சின்னாரிசின் போன்றவை சமநிலைக் கருக்களின் பேச்சை அமத்துபவை. சத்தியும் சுற்றுமாகக் கிடக்கும் முதல் இரண்டு மூன்று நாள் அவை பெரிய உதவி. அதற்குப் பிறகும் போட்டால் சுற்றோடு சேர்ந்து பிழைச் செய்தியும் அமர்ந்துபோகும்; திருத்தம் தாமதிக்கும். புரோகுளோர்பெரசினை மாதக்கணக்கில் போடும்போது கை நடுக்கமும் உடம்பு இறுக்கமும் நடை மெதுவாவதும் வரலாம். வயது கூடக்கூட அந்த ஆபத்தும் கூடும். ஆனால் இதை வாசித்துவிட்டு நாளைக்கே ஒரேயடியாக நிறுத்த வேண்டாம்; எழுதித் தந்த வைத்தியரிடம் பெட்டியோடு போய், எவ்வளவு காலமாகப் போடுகிறீர்கள் என்று சொல்லி, குறைத்து நிறுத்தும் ஒழுங்கைக் கேளுங்கள். பிரஷர், சீனி வருத்தம், நித்திரைக் குளிசை என்று வேறு ஏதும் போட்டால் அதையும் காட்டுங்கள். நித்திரைக் குளிசைகளில் பலவும் இதே போல் திருத்தத்தைத் தாமதிக்கும்.

கண்ணாடியைப் பலர் யோசிப்பதே இல்லை. கண்ணாடி வில்லை உருவத்தைப் பெருப்பிக்கவோ சிறுப்பிக்கவோ செய்வதால், தலை திரும்பும்போது கண் எவ்வளவு திரும்ப வேண்டும் என்பதையும் மாற்றிவிடுகிறது. கண்ணாடிப் பவரை அளக்கும் அலகான டயொப்டர் ஒன்றுக்கு 2 முதல் 3 சதவீதம் என்று வைத்துக்கொள்ளலாம். பிளஸ் பவரில் கண் கூடத் திரும்ப வேண்டும், மைனஸ் பவரில் குறைய. யாரும் புதுக் கண்ணாடி போட்ட முதல் சில நாள் நிலம் வளைவதாகச் சொல்வதற்கு இது ஒரு காரணம். மூளை புது ஈட்டைக் கற்றதும் அது போய்விடும். புரோகிரசிவ் வில்லையில் மேலிருந்து கீழே பவர் மாறிக்கொண்டே போகிறது, இரண்டு ஓரங்களிலும் உருவம் நெளியும். ஒரே வில்லைக்குள் பல ஈடுகள். சுகமான காது உள்ளவர்கள் அதைச் சமாளித்துக்கொள்வார்கள். ஒரு காது பழுதாகித் திரும்பக் கற்றுக்கொண்டிருக்கிற மூளைக்கு இது பெரிய குழப்பம். படியிறங்கும்போது வாசிக்கும் பகுதியால் படியைப் பார்ப்பது விழுவதற்கும் வழி. வெளியே நடக்க, தூரப்பார்வைக்கு மட்டுமான தனிக் கண்ணாடி ஒன்று எடுங்கள். பழைய கண்ணாடியின் தூரப் பவர் இன்னும் சரியென்றால் அதுவே போதும். புரோகிரசிவை வீட்டில் இருந்து வாசிக்கவும் வேலை செய்யவும் வைத்துக்கொள்ளுங்கள், சில மாதம் கழித்துத் திரும்ப முயலலாம். பயிற்சியைச் செய்யும்போது போட வேண்டியது நடக்கும்போது போடும் அந்தக் கண்ணாடியையே.

பயிற்சி இதுதான். நாட்காட்டித் தாள் ஒன்றைக் கிழித்து, நல்லநேரம் போட்டிருக்கும் அளவிலான எழுத்துகளில் ஒன்றை வட்டமிட்டுச் சுவரில் கண்மட்டத்தில் ஒட்டுங்கள். அசையாமல் நிற்கும்போது முயற்சியில்லாமல் வாசிக்கக்கூடிய எழுத்துகளில் சிறியதாக இருக்க வேண்டும். திகதி இலக்கத்தைப் போல் பெரியதை வைத்தால் எவ்வளவு வழுக்கினாலும் தெரியும், பயனில்லை. ஒரு கைநீளத் தூரத்தில் கதிரையில் இருந்து, எழுத்தை விட்டுக் கண்ணை எடுக்காமல், தலையை வலமும் இடமும் பக்கத்துக்கு 20 பாகை அளவில் திருப்புங்கள். தோள் திரும்பக்கூடாது, திரும்பினால் ஒரு கையால் கதிரையின் இருக்கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஒரு நிமிடம். பிறகு ஒரு நிமிட ஓய்வு. பிறகு மேலும் கீழும் ஒரு நிமிடம்.

வேகம்தான் இதில் உயிர். போனில், ஒரே சீராகத் தட்டிக் காட்டும் மெட்ரோனோம் ஆப் ஒன்றை இறக்கி நிமிடத்துக்கு 80 தட்டில் தொடங்குங்கள். ஒரு தட்டுக்கு ஒரு பக்கம். எழுத்து தெளிவாக நிற்கிறதென்றால் இரண்டு மூன்று நாளுக்கு ஒருக்கால் 10 தட்டு கூட்டுங்கள். 120ஐத் தாண்ட வேண்டும். அதற்குக் கீழே கண் பார்த்துத் துரத்தியே சமாளித்துவிடும், காதுக்கு வேலை வராது. மாதக்கணக்கில் பயிற்சி செய்தும் பலனில்லை என்கிறவர்களில் பலர் மெதுவாகவே ஆட்டிக்கொண்டிருப்பார்கள். எழுத்து இலேசாக நடுங்கத் தொடங்கும் வேகம் சரியான வேகம். இரண்டாகத் தெரிந்தாலோ முழுதாகக் கலைந்தாலோ 10 குறையுங்கள்.

இலக்குத் தூரமும் முக்கியம். கண் இருக்கும் இடம் தலை சுழலும் அச்சல்ல, அதற்கு முன்னால். அதனால் கிட்ட உள்ளதைப் பார்க்கும்போது கண் தலையைவிடக் கொஞ்சம் கூடத் திரும்ப வேண்டும். கைநீளத்தில் கற்றது மூன்று மீற்றரில் முழுதாகச் செல்லாது. ஒரு தரம் கிட்ட, ஒரு தரம் மண்டபத்தின் மறுபக்கச் சுவரில் கொஞ்சம் பெரிய எழுத்து என்று மாற்றிச் செய்யுங்கள். வேகம், திசை, தூரம் ஒவ்வொன்றையும் மூளை தனித்தனியாகவே கற்கிறது.

காலை, மத்தியானம், பின்னேரம் என்று நாளுக்கு மூன்று தரமாவது செய்து, தலையாட்டும் நேரம் மொத்தம் 12 நிமிடத்துக்குக் குறையாமல் பாருங்கள். மூன்று மாதம் தாண்டியும் குறை இருந்தால் அதை 20 நிமிடமாக்கி, நாளுக்கு மூன்று முதல் ஐந்து தரமாகப் பிரித்து, நான்கு முதல் ஆறு கிழமை விடாமல் செய்ய வேண்டும். இந்த அளவுகளும் முன்னே சொன்ன அமெரிக்கச் சங்கத்தின் வழிகாட்டியில் உள்ளவைதான். செய்யும்போது தலைச்சுற்று கூடும், கூடத்தான் வேண்டும். பூச்சியத்திலிருந்து பத்து வரை எண் கொடுத்துப் பாருங்கள்: தொடங்கியதைவிட இரண்டு மூன்று எண் ஏறி, 20 நிமிடத்துக்குள் இறங்கினால் அளவு சரி. மதியம் வரை படுக்க வைத்தால் கூடிவிட்டது, வேகத்தைக் குறையுங்கள். ஒன்றுமே ஏறாவிட்டால் போதாது.

இருந்து செய்வது சுலபமானதும் நின்று செய்யுங்கள், பிறகு இரண்டு பாதமும் ஒட்டி, பிறகு மடித்த மெத்தை மேல், பக்கத்தில் பிடிக்க மேசை இருக்க. வெறுஞ்சுவருக்குப் பதில் பூப்போட்ட திரைச்சீலையில் எழுத்தைக் குத்திவைத்தால் இன்னும் கடினம். இதெல்லாம் வந்த பிறகு எழுத்துத் தாளைக் கையில் பிடித்து, தலை வலம் போகும்போது தாள் இடம் போக, இரண்டையும் எதிரெதிராக ஆட்டலாம். அப்போது கண்ணுக்கு ஏறத்தாழ இரண்டு மடங்கு வேலை. அதை அவசரப்பட்டுத் தொடங்க வேண்டாம். வைத்தியசாலைகளில் பிசியோதெரபிப் பிரிவு உண்டு. காது மூக்கு தொண்டை கிளினிக்கிலிருந்து கடிதம் வாங்கிப்போய் ஒரு தரம் செய்து காட்டிச் சரிபார்த்துக்கொள்வது நல்லது. கழுத்தெலும்புத் தேய்வு இருந்தால் தொடங்குமுன்னரே போக வேண்டும்.

நடைப்பயிற்சிக்குக் காலிமுகத்திடல் நல்ல இடம். கடல் அடிவானம் தூரத்து நிலையான கோடு. அதில் ஒரு புள்ளியைப் பார்த்தபடி நடந்து, பிறகு நடந்தபடி மூன்று அடிக்கு ஒருக்கால் தலையை வலமும் இடமும் திருப்புங்கள். பகல் வெளிச்சத்தில், கூட ஒருவரோடு. வெள்ளவத்தைக் கடற்கரைக்கு ரயில் பாதையைக் கடந்துதான் இறங்க வேண்டும். இந்த நிலையில் அதைச் செய்ய வேண்டாம். கடலில் குளிப்பதும் இப்போதைக்கு வேண்டாம். தண்ணீருக்குள் கண்ணும் காலும் தரும் தகவல் போய்விட்டால், ஒரு காதை மட்டும் வைத்து மேல் எது கீழ் எது என்று பிடிபடாமல் போகலாம்.

சுப்பர்மார்க்கெட் மிதப்பு இதோடு ஒட்டிய இன்னொரு விஷயம். காது நம்பகமில்லாமல் போன பிறகு மூளை சமநிலைக்குக் கண்ணையே கூட நம்பத் தொடங்கிவிடுகிறது. இரண்டு பக்கமும் றாக்கையில் அடுக்கிய டின்களும் பக்கெட்டுகளும் நீங்கள் நடக்கும்போது பின்னோக்கி ஓடும். அந்த ஓட்டத்தை உடம்பே சரிவதாக அது எடுத்துக்கொள்கிறது. சனமில்லாத நேரத்தில் போய், தள்ளுவண்டியைப் பிடித்துக்கொண்டு, ஒரே ஒரு வரிசையில் ஐந்து நிமிடம் தொடங்குங்கள். நிலத்தைப் பார்க்காமல் வரிசையின் கடைசியைப் பாருங்கள். வீட்டில் பிள்ளைகளை அனுப்பிச் சாமான் எடுப்பித்தால் இது குறையாது.

நடக்கும்போது துள்ளுகிறது என்றதை மட்டும் நான் சும்மா விட மாட்டேன். ஒரு காது மட்டும் பழுதென்றால் முதல் மாதங்களில் வேகமாக நடக்கையில் கொஞ்சம் துள்ளலாம், பயிற்சியோடு குறைய வேண்டும். ஒவ்வோர் அடிக்கும் உலகமே மேலும் கீழும் துள்ளி, இருட்டில் சுவரைப் பிடிக்காமல் நடக்கவே முடியாமல் இருந்தால், இரண்டு காதும் பாதிக்கப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஜென்டமைசின் போன்ற நுண்ணுயிர்க்கொல்லி ஊசிகள் அதற்கு ஒரு பிரபலமான காரணம். கேட்கும் திறனைத் தொடாமலே சமநிலை மயிர்க்கலங்களை அழித்துவிடக்கூடியவை. 1952இல் ஸ்ரெப்டோமைசினால் இரண்டு பக்கச் சமநிலையையும் இழந்த ஒரு வைத்தியர் தன் நிலையை மருத்துவ இதழொன்றில் எழுதினார்: நாடித் துடிப்புக்கே புத்தகத்தின் எழுத்து துள்ளியதால் கட்டிலின் இரண்டு கம்பிகளுக்கு நடுவே தலையை இறுக்கி வைத்து வாசித்தாராம். அந்த மூன்று நாளிலோ அதற்கு முன்னரோ உங்களுக்கு என்ன ஊசி போட்டார்கள் என்று வைத்தியசாலைத் துண்டில் பாருங்கள். சந்தேகம் இருந்தால் காதுக்குள் 30, 44 பாகை செல்சியஸ் தண்ணீர் விட்டுக் கண்ணசைவைப் பார்க்கும் சோதனை ஒவ்வொரு காதையும் தனியாகக் காட்டிவிடும். நூறாண்டுக்கு மேல் பழைய முறை. அதை வகுத்த ரொபர்ட் பரானிக்கு 1914ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசு கிடைத்தது.

இன்னொன்று. இந்த அழற்சி வந்த காதில், சில கிழமைக்குப் பிறகு சிறிய சுண்ணாம்புத் துகள்கள் பெயர்ந்து பின்புறக் கால்வாய்க்குள் விழுவது அபூர்வமல்ல. படுக்கையில் புரண்டாலோ மேல்தட்டுச் சாமானை அண்ணாந்து பார்த்தாலோ ஒரு நிமிடத்துக்குள் அடங்கும் கடும் சுற்று வரும். அது வந்தால் பழைய நோய் திரும்பிவிட்டதென்று குளிசையைக் கூட்டாதீர்கள். எப்ளி முறைப்படி தலையைப் படிப்படியாகத் திருப்பித் துகளை வெளியேற்றுவது சில நிமிட வேலை.

மூளையில் ஒன்றுமில்லையா என்ற பயத்துக்கு: பின்மூளையில் வரும் பாரிசவாதத்தை முதல் நாள் சி.டி. பல நேரம் காட்டாது. அதனால் ஸ்கான் சுத்தம் என்பதை மட்டும் வைத்து நான் ஆறுதல் சொல்ல மாட்டேன். ஆனால் வலப்பக்கம் மட்டும் இழுபடுவது, சுற்று நின்றுவிட்டது, பேச்சிலோ கைகாலிலோ குறை என்று நீங்கள் எழுதாதது எல்லாம் காதைத்தான் காட்டுகின்றன. சுற்று நடந்துகொண்டிருக்கும் நேரம் தலையுந்துச் சோதனை பழுது காட்டினால் பெரும்பாலும் அது நரம்பு. சோதனை சுத்தமாக இருந்தும் சுற்று நிற்காவிட்டால்தான் வைத்தியர் மூளையைச் சந்தேகிப்பார். பலருக்கு இது தலைகீழாகத் தோன்றும்.

இனி எப்போதாவது சுற்றோடு இரட்டைப் பார்வை, நாக்குக் குளறல், முகமோ கையோ காலோ இழுப்பது, வழமையில்லாத கடும் தலையிடி, பிடித்தாலும் நிற்க முடியாமை இவற்றில் ஒன்று வந்தாலும் வீட்டில் படுத்துப் பார்க்காமல் 1990க்கு அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். ஒரு காது திடீரென்று கேட்காமல் போனால் அதே நாளோ மறுநாளோ காது மூக்கு தொண்டை வைத்தியரைப் பாருங்கள். அதற்கான ஸ்டெரொயிட் மருந்துக்கு நாள் பிந்தக்கூடாது.

மாறுமா என்று கேட்டீர்கள். உங்கள் வயதில், ஒரு காதுப் பழுதில், அன்றாட அசைவுக்குப் பெரும்பாலும் மாறும். நரம்பு முழுதாக மீளாவிட்டால் மிக வேகமாக வலம் திரும்பும்போது மட்டும் ஒரு சின்ன வழுக்கல் மிஞ்சலாம். அதையும் மூளை, தலை திரும்பி முடிக்குமுன்னரே கண்ணை ஒரு குறுங்குதிப்பால் இலக்குக்குக் கொண்டுபோய் மறைத்துவிடக் கற்றுக்கொள்ளும். ஆறு கிழமை கழித்து அதே பஸ் தரிப்பிடத்தில் நின்று, எந்த வேகத்தில் திரும்பினால் இலக்கம் கலைகிறது என்று பார்த்து, பயிற்சியில் எட்டிய மெட்ரோனோம் எண்ணோடு சேர்த்துக் குறித்துக் கிளினிக்குக்குக் கொண்டுபோங்கள். "இன்னும் சரியில்லை" என்று மட்டும் சொல்வதைவிட அந்தத் துண்டு வைத்தியருக்குக் கூட உதவும்.